கணிப்பொறிக்கும் ஒரு போர்மேன் உண்டு

(பத்தாம் வகுப்பு மாணவி)



"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று யாரேனும் வினவினால், "ஓ, தெரியுமே!" என்கிறோம். படம் வரைவோம், தட்டச்சுச் செய்வோம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வேலை வாங்குவது யார் என்று கேட்டால் விழிக்கிறோம். நாம் முதலில் கற்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

அதற்கு இயக்க அமைப்பு என்று பெயர். என் தந்தையார் பட்டாசு ஆலையில் பணிபுரிகிறார். அங்கே ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. யாருக்கு எந்த அறை, எவ்வளவு மருந்து என்று பார்ப்பவர் போர்மேன். இயக்க அமைப்பும் அப்படியே. ரேம் என்னும் நினைவகத்தில் எந்த நிரலுக்கு எவ்வளவு இடம், பிரிண்டர் யாருக்கு முதலில் என்று அதுவே பங்கிடுகிறது. இருபது சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திட்டுவது நம் பிழையே. ஓர் அறையில் ஆள் கூடினால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கா சொல்ல வேண்டும்?

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக ஆறு பக்கம் தட்டச்சுச் செய்தேன். மின்சாரம் போயிற்று; ஆறு பக்கமும் போயிற்று. அழுதேன். திரையில் தெரிவது ரேமில்தான் இருக்கிறது, 'கன்ட்ரோல்', 'எஸ்' இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஹார்ட் டிஸ்கில் பதியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வேலை முடிந்ததும் 'ஷட் டவுன்' கொடுக்காமல் சுவிட்சை அணைப்பதும் இதே தவறுதான். பாதி எழுதிய கோப்பு கெட்டுவிடக்கூடும்.

கோப்புகளை வைக்கும் முறை இன்னொன்று. விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த கண்ணாடி மணி ஒவ்வொன்றுக்கும் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று குறித்து வைத்தார்கள். அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் மணி. நாமோ 'நியூ போல்டர்', 'நியூ போல்டர் 2' என்று அடுக்கிவிட்டுத் தேர்வுக்கு முதல்நாள் தேடுகிறோம்!

இப்போது ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதா? வேண்டாம் என்பேன். பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இலவசம். நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதன் கருவே. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸில் தமிழும் உண்டு. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதையும் தந்தார்கள். என் பெரியம்மா மகள் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லையாம்!

"அலுவலகங்களில் விண்டோஸ்தானே கேட்கிறார்கள்?" என்கிறாள் என் தோழி. கேட்கட்டுமே. கோப்பு, கோப்புறை, சேமித்தல், முறையாக நிறுத்துதல் ஆகியவை எங்கும் ஒன்றுதான். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறாது.

கணிப்பொறி அறையின் மூலையில் ஒரு பழைய பெட்டி துணி போர்த்திக் கிடக்கிறது. அதில் லினக்ஸை ஏற்றிப் பார்க்க சிஸ்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். "பரீட்சை முடியட்டும்" என்றிருக்கிறார்கள்.