ரகசியம் அல்ல, கணக்கு!



கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியாத பொருள் பிரபஞ்சம் பூரா இருக்குன்னு இப்பச் சொல்றாங்களே தம்பி, அதைத்தான் நம்ம முன்னோருங்க சிதம்பர ரகசியம்னு அப்பவே சொல்லிட்டாங்க!"

திரையை விலக்கினால் வெற்றிடம், தங்க வில்வ மாலை. அது பக்தி, நான் குறை சொல்ல வரவில்லை. ஜெனீவா செர்ன் ஆய்வுக்கூடத்தில்கூட நம் அரசு 2004-ல் கொடுத்த நடராஜர் சிலை நிற்கிறது. ஆனால் 'அப்பவே தெரியும்' என்பதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

கரும்பொருள் ஞானத்தில் தெரிந்ததல்ல, அளந்து பார்த்துத் தெரிந்தது. முதல் வருஷ பிசிக்ஸ் கணக்குப்படி, நட்சத்திரக் கூட்டத்தின் மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக சுற்றும் வேகம் குறையணும். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவை அளந்தார்கள். ஓரத்திலும் வேகம் குறையவே இல்லை! அப்புறம் அளந்த பல கூட்டங்களிலும் அதே கதை. ஏதோ ஒன்று மறைந்திருந்து இழுக்கிறது. மங்கிய ஒளியையும் பிரித்துக் காட்டிய அந்தக் கருவியை உருவாக்கியவர் ஃபோர்ட். ஒரு வகையில் நம்ம ஒர்க்‌ஷாப் ஆள்!

எங்கப்பா கடலுக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடுவார். அவரிடம் இதைச் சொன்னேன். "நீரோட்டம் மட்டும் கண்ணுக்கா தெரியுது? வலை இழுபடறத வெச்சுத்தானடா சொல்றோம்" என்றார்.

இன்றைய கணக்கில் நாம் அறிந்த பொருள் சுமார் 5 சதவீதம்தான். கரும்பொருள் 27. மீதி 68, பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் இருளாற்றல். அந்த வேகம் தெரிந்ததே 1998-ல்தான்.

முன்னோர் முன்னோர்னு சொல்றோமே, அதில் எங்க தாத்தா உண்டா? பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் அவர். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எல்லாத்தையும் ஏற்கெனவே சொல்லி முடிச்சாச்சுன்னா எனக்கு என்ன மிச்சம்?

மிச்சம் இருக்கு! பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால், சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு 67 கி.மீ. வருகிறது. பக்கத்து நட்சத்திரக் கூட்டங்களை அளந்தால் 73. நாம் அறியாத இருள் கதிர்வீச்சு ஒன்று ஆதியில் இருந்திருந்தால் இடைவெளி குறையும் என்கிறார்கள் சிலர். பிளாங்க் செயற்கைக்கோளின் அளவுகளில் அதற்குச் சாட்சி கிடைக்கவில்லை.

இந்த 67, 73 தகராறையும் அப்பாவிடம் சொன்னேன். ஏலத்தில் மீன் நிறுத்த பழக்கம்... "ரெண்டு தராசும் சரியான்னு பாத்தாங்களா?" என்று கேட்டார்.

விஞ்ஞானிகளும் இப்போ அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க!