தாத்தா பெட்டியில் பழைய ஷேர் பத்திரமா? விற்கும் முன் இதைப் படிங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து அப்படியே செட்டிலான குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளின் டிரங்குப் பெட்டியில் பூ பார்டர், கம்பெனி சீல், மைக் கையெழுத்தோடு ஒரு பழைய ஷேர் பத்திரம் இருந்தால், அது வெறும் நினைவுப் பொருளா, இல்லை பணமா?

பழைய பத்திரத்தை யார் வாங்குவாங்க?

பழைய பங்கு, கடன் பத்திரங்களைச் சேகரிப்பதற்கு ஸ்கிரிப்போஃபிலி என்று பெயர். அமெரிக்காவின் நெவாடாவில் 1859-ல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் பேசுபொருளானது. சுரங்க ஊர்களுக்கு ரயில் பாதை கொண்டுவர அங்கிருந்த உள்ளாட்சிகள் கடன் பத்திரம் வெளியிட்டன. அந்தக் காலத்துப் பத்திரங்களுக்கு இன்று தனி ரசிகர்கள் உண்டு. நம்ம ஊரில் என்றால், 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்கைச் சொல்லலாம். இவற்றில் விலை பேசுவது வரலாறுதான், வட்டியோ டிவிடெண்டோ அல்ல.

எல்லாப் பத்திரமும் அப்படியா?

இல்லை. சிக்கலே அங்கேதான். அம்பத்தூரின் இரண்டு பெரிய பெயர்களைப் பாருங்க. டயர் தயாரித்த டன்லப் இந்தியா, நீதிமன்ற உத்தரவால் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. டிஐ சைக்கிள்ஸின் தாய் நிறுவனமான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கதை வேறு. 2017-ல் அது இரண்டாகப் பிரிந்தது. பழைய நிறுவனம் இன்று சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ். உற்பத்தித் தொழில் புது நிறுவனத்துக்குப் போய், பழைய பெயரும் அதற்கே வந்தது. ஆக, ஒரே பழைய பத்திரத்துக்குப் பின்னால் இரண்டு கம்பெனிகளின் பங்குகள் இருக்கலாம். இதை 'ஆன்டிக்' என்று சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் நஷ்டம் யாருக்கு?

என்ன செய்யணும்?

முதலில், கம்பெனியின் இன்றைய பெயரையும் நிலையையும் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பாருங்க. பிறகு அதன் பங்குப் பதிவாளரிடம் ஃபோலியோ எண்ணைச் சொல்லிக் கேளுங்க. தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்கு மாற்றப்படும். ஆனால் உரிமையாளரோ வாரிசோ விண்ணப்பித்து மீட்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளின் காகிதப் பங்கை அப்படியே வேறு பெயருக்கு விற்று மாற்ற முடியாது. டீமேட் ஆக்குவதுதான் வழி.

பழம்பொருள் வாங்க வருபவர் ஆதார் நகல், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து என்று கேட்டால் உஷார். பேப்பரை ரசிக்க அதெல்லாம் எதுக்கு? எதிர்ப்பக்க வலையும் உண்டு. செத்துப்போன அமெரிக்க ரயில்வே பத்திரங்களைக் 'கோடிக்கணக்கில் மதிப்பு' என்று விற்கும் மோசடி பற்றி அமெரிக்கக் கருவூலமே எச்சரித்திருக்கிறது.

நம் பார்வை

வாரிசுகளுக்குத் தெரியாமலே முடங்கிக் கிடக்கும் சொத்து இது. மீட்கும் நடைமுறை ஆங்கிலப் படிவங்களிலும் ஆவணக் குவியலிலும் சிக்கியிருக்கிறது. தமிழில் வழிகாட்டுதலும், மாவட்ட அளவில் உதவி மையமும் வேண்டும். அதுவரை, இந்த வாரக் கடைசியில் வீட்டுப் பெரியவங்களோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்க. விசாரிச்சு முடிக்கும் வரை எதையும் விற்காதீங்க, கிழிக்காதீங்க.