தூக்கம் வரவில்லை: என்ன செய்வது?

தூக்கம் வராதவனுக்கு யோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடி என்பார் ஒருவர். ஜாதிக்காய்ப் பொடி, அமுக்கிராக் கிழங்கு, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, தலையணைக்கடியில் மருதாணிப் பூ என்று பட்டியல் நீளும். காப்பியை நிறுத்து, போனைத் தூர வை, மனத்தைச் சாந்தமாக வைத்துக்கொள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் தூக்கம் கெட்டவர்களுக்கு ஏதாவதொன்று கைகொடுக்கவும் கூடும். ஆனால் மாதக் கணக்காக, வருஷக் கணக்காக, விடிய விடிய மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டியல் முழுவதையும் செய்து பார்த்துக் களைத்துப் போனவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம். தொழிலாளி வர்க்கத்தின் பத்திரிகையில் இது ஒரு விஷயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். விஷயந்தான்!

எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு என்ற கோஷத்தை 1817-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் ராபர்ட் ஓவன் வகுத்தார். 1886 மே மாதத்தில் சிக்காகோ தொழிலாளர்கள் எட்டு மணி வேலைக்காகத் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டில் அவர்களுடைய தலைவர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். 1923 மே முதல் தேதியன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். முதல் எட்டு மணியைப் பற்றி நாடெங்கும் போராட்டம் நடந்திருக்கிறது. மூன்றாவது எட்டு மணியைப் பற்றிப் பேச்சு குறைவு. வேலை நேரம் குறைந்தால் தூக்கம் தானாக வரும் என்பது பொதுவான நம்பிக்கை. இரவும் பகலும் ஓடும் ஆலையில் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை.

ஏன் பலிப்பதில்லை? மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இது கவிஞர்களின் கற்பனையல்ல. உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் பகல் இரவுக்கு ஏற்பக் கூடிக் குறையும் புரதங்கள் இருக்கின்றன. இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்தை நேர்ப்படுத்துவது முக்கியமாகச் சூரிய வெளிச்சம். முழு நைட் முடிந்து காலை வெயிலில் நடந்து வீடு சேரும் தொழிலாளியின் உடலுக்கு அந்த வெயில் "விழித்துக்கொள்" என்று கட்டளையிடுகிறது. அவரோ படுக்கப் போகிறார்! ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் இரைச்சலில், அவர் எத்தனை மணி தூங்குவார்? அடுத்த வாரம் அரை நைட். அதற்கடுத்த வாரம் பகல் ஷிப்டு. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் நேரம் மாறிவிடுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இரவு ஷிப்டு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில், இரண்டாம் பிரிவில், 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவைச் சொன்னது. ஆலை வாசலில் இந்த எச்சரிக்கையை எழுதி வைத்திருக்கும் முதலாளி யாரையும் நாம் பார்த்ததில்லை.

வைத்தியர்கள் இங்கே ஒரு பேதம் காட்டுவார்கள். தூங்க நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால்தான் அது நாட்பட்ட தூக்கமின்மை என்ற வியாதி. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இது உண்டு என்பது பொதுவான கணக்கு. தூங்க நேரமே கொடுக்கப்படாதது வேறு. பேதம் சரியானதே. ஆனால் தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டில் ஒன்று மற்றொன்றாக மாறுவதை நாம் காண்கிறோம். ஷிப்டு கெடுத்த தூக்கம், ஷிப்டு இல்லாத ராத்திரியிலும் திரும்பி வருவதில்லை. குழுக் கடன் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் எல்லாம் அந்த ராத்திரிக்குத்தான் காத்துக்கொண்டிருக்கின்றன.

முதலாளிக்கும் தூக்கம் வராமல் இருக்கிறதே என்று கேட்பவர் உண்டு. வாஸ்தவம். வியாதி வர்க்கம் பார்த்து வருவதில்லை. ஆனால் விடிய விடிய விழித்த முதலாளி காலை பத்து மணி வரை படுத்துக் கிடக்கலாம். ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறார். விடிய விடிய விழித்த தொழிலாளி ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

சரி, மாத்திரை இருக்கிறதே? மாத்திரையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. டாக்டர் சீட்டுக்கூட வேண்டாம், அவ்வளவு பத்திரமானது என்று விளம்பரம் செய்தார்கள். கர்ப்பிணிகளும் அதைச் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் அது அங்கே வாபஸாகும் முன் பல நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் பிரான்ஸஸ் கெல்ஸி என்ற ஒரு பெண் அதிகாரி, கம்பெனி எவ்வளவு நெருக்கியும் அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்தார். அந்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பின. தூக்கமில்லாதவனின் தவிப்பு நல்ல சந்தை என்று லாப வேட்டைக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய மாத்திரைகள் தாலிடோமைடு அல்ல. டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு அவை உதவும். மாதக் கணக்கில் போனால் அல்பிரசோலாம், டயஸிபாம் போன்றவை உடம்பைப் பழக்கிவிடும். அளவு கூடும், தூக்கம் கூடாது. இந்த வகை மாத்திரைகள் அனைத்துக்கும் அடிமைப்படுத்தும் அபாயம் உண்டென்ற கடும் எச்சரிக்கையை 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விதித்தது. நம் நாட்டிலும் இவை எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை கடைகளில் எழுதுகிறார்கள் என்பதைத் தோழர்களே அறிவார்கள். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். டாக்டர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மாத்திரைக்குப் பதில் மதுக்கடைக்குப் போகிறவர்கள் அதிகம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையை அரசாங்கமே நடத்துகிறது. குடி முன்னிரவில் தூக்கத்தைக் கொடுத்துப் பின்னிரவில் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு மணிக்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, பிறகு விடியல்தான்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. அதைச் சொல்லப் பாவ்லோவிடம் போக வேண்டும். ஒலியைக் கேட்டுக் கேட்டு உணவு உண்ட நாய்க்கு, உணவில்லாமல் ஒலி கேட்டாலே வாயூறியதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினார். மாதக் கணக்கில் பாயில் விழித்துக் கிடந்த மனிதனுக்கும் இப்படித்தான் ஆகிறது. உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. பாயில் தலை சாய்த்ததும் விழிப்பு வருகிறது. பாய் விழிப்பின் அடையாளமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தை உடைக்கும் சிகிச்சை 1970-களிலும் 80-களிலும் உருவாயிற்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதையே கொடுக்கச் சொன்னது. ஐரோப்பிய நிபுணர்களும் அடுத்த ஆண்டு அதையே சொன்னார்கள்.

சிகிச்சை கேட்க எளிது, செய்யக் கஷ்டம். தூக்கம் வந்தால் மட்டுமே படுக்க வேண்டும். சுமார் இருபது நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வெளியே உட்கார வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்து மணி மட்டும் தூங்குகிறவர், முதலில் ஐந்தரை மணி நேரமே படுக்கையில் இருக்க வேண்டும். படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தூங்க ஆரம்பித்த பிறகு வாரத்துக்குக் கால் மணி கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மணிக்குக் கீழே மட்டும் ஒருபோதும் போகலாகாது. முதல் இரண்டு வாரம் நிலைமை முன்னைவிட மோசமாகத் தோன்றும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுபவர்களும், அபாயமான இயந்திரங்களில் நிற்பவர்களும், வலிப்பு நோயோ கடும் மனநோயோ உள்ளவர்களும் டாக்டர் துணையின்றி இதில் இறங்கக் கூடாது.

இந்தச் சிகிச்சையின் ஆணிவேர் ஒன்று உண்டு. தினந்தோறும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும், ஒரே நேரத்தில் எழ வேண்டும். வாரா வாரம் ஷிப்டு மாறும் தொழிலாளி இதை எப்படிச் செய்வார்? மாத்திரையைவிட மேலானது என்று விஞ்ஞானம் சொல்லும் ஒரே சிகிச்சைக்குத் தேவையான ஒரே பொருள் ஒழுங்கான நேரம். அதைத்தான் ஆலையின் ஷிப்டு அட்டவணை பறித்துக்கொள்கிறது! ஆகவேதான் இது தனிமனிதனின் படுக்கையறை விவகாரம் அல்ல, கூலிப் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டிய விவகாரம் என்கிறோம்.

சட்டம் எந்தத் திசையில் போகிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலையும் இடைவேளையும் சேர்ந்து நாளுக்குப் பத்தரை மணிக்கு மேல் பரவக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எழுப்பிய எதிர்ப்பால் மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. 2025 நவம்பர் 21-இல் மத்திய அரசாங்கம் அமலாக்கிய தொகுப்புச் சட்டமோ, அந்தப் பத்தரை மணி வரம்பை எடுத்துவிட்டு அரசு அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. ராம்லீலா மைதான வழக்கில், 2012-இல், உறக்கம் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் எழுதினார். கைதியைத் தூங்கவிடாமல் விசாரிப்பது மனிதத்தன்மையற்ற நடத்தை என்று 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. விசாரணை அறையில் செய்தால் கொடுமை, ஆலையில் செய்தால் உற்பத்திப் பெருக்கமா?

பரீட்சிக்க வேண்டிய வேறு காரணங்களும் உண்டு. குறட்டையும் நடுவே மூச்சடைப்பும் இருந்தால் அது தனி வியாதி. தூக்க மாத்திரை அதை மோசமாக்கும். படுத்ததும் கால் குடைச்சலெடுத்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். ரத்தசோகை மலிந்த நம் பெண் தொழிலாளர்களிடையே, "நரம்புத் தளர்ச்சி" என்று ஒதுக்கப்படும் எத்தனை பேருக்கு இந்தச் சோதனை நடந்திருக்கிறது? தைராய்டு, மனச்சோர்வு இவையும் பார்க்கப்பட வேண்டும்.

இத்தனைக்கும் மசியாத தூக்கமின்மையும் இருக்கிறது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. அப்படிப்பட்ட தோழரிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று யாரும் உபதேசிக்க வேண்டாம். தூக்கத்தைத் துரத்தப் பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க அது விலகி ஓடும். கண்ணை மூடிக் கிடக்கும் ஓய்வும் ஓய்வே என்றெண்ணிக் கிடப்பது சிலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது. பொல்லாத ராத்திரிக்கு மறுநாள் அபாயமான வேலையை வேறொருவர் மாற்றி வாங்கிக்கொள்வது சக தொழிலாளிகளின் கடமை. அவரைச் சோம்பேறி என்று மேஸ்திரி சொன்னால் யூனியன் எதிர்த்துப் பேச வேண்டும். வாழ்க்கையே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால், எந்த ராத்திரியிலும் 14416 என்ற அரசாங்க மனநல எண்ணைக் கூப்பிடலாம். வீட்டாரும் விழித்துத் துணையிருக்க வேண்டும்.

ஆலைக் கமிட்டிகளுக்கு நாம் சொல்வது இது. ஷிப்டு மாறியே தீர வேண்டுமென்றால் பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கியே மாற வேண்டும். பின்னோக்கி மாறுவது உடம்புக்கு அதிகக் கேடு. இரண்டு ஷிப்டுக்கிடையே பதினொரு மணி ஓய்வு வேண்டும். ஐரோப்பியத் தொழிலாளி இதைச் சட்டமாகவே பெற்றிருக்கிறார். இரவு வேலைக்கு உடல் தகுதியில்லை என்று டாக்டர் சொன்னவரைப் பகல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் 171-ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்திய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஏற்கும்வரை நம் ஒப்பந்தங்களில் அந்த ஷரத்தை எழுத வைக்கலாம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் மேற்சொன்ன சிகிச்சை தெரிந்தவர்களை நியமிக்க வேண்டும். 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள், "ராத்திரி தூங்குகிறீர்களா?" என்ற ஒரு கேள்வியையும் தங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் அடுத்த வரியில் ஷிப்டு அட்டவணையும் இடம்பெற வேண்டும்.