15.066 என்ற எண்ணைப் படிப்பது எப்படி?

2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் (மேசைத் தாவல்) இறுதிச் சுற்றில் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் 15.066 புள்ளிகளோடு நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ஸ்விட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெய்ன்க்ரூபருக்கு 15.216. அன்றிரவு கண்விழித்துப் பார்த்தவர்களில் பலர் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துதானே முழு மதிப்பெண், இது எப்படிப் பதினைந்தைத் தாண்டியது? அவ்வளவு ஆபத்தான தாவலைச் செய்தவருக்கு ஏன் பதக்கம் இல்லை?

முதல் கேள்வி நியாயமானது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது, அதைக் காட்ட வழியில்லாத அறிவிப்புப் பலகை 1.00 என்று காட்டியது. அந்தப் பத்துதான் நம் நினைவில் தங்கிவிட்டது. ஆனால் 2006 முதல் முறை மாறிவிட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு இரண்டு பகுதிகள். என்ன செய்தார் என்பதற்குக் கடினத்தன்மைப் புள்ளி. எப்படிச் செய்தார் என்பதற்குச் செயல்நேர்த்திப் புள்ளி. இது பத்தில் தொடங்கி, பிழைக்குப் பிழை குறையும். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரமானதற்கு 0.3, பெரியதற்கு 0.5, கீழே விழுந்தால் முழுதாக 1. இரண்டு பகுதிகளையும் கூட்டினால் வருவதே திரையில் நாம் பார்க்கும் எண்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு தீபாவின் இரண்டாவது தாவலைப் பாருங்கள். அதன் பெயர் ப்ரொடுனோவா. 1999-இல் அதைச் செய்து காட்டிய ரஷ்யாவின் யெலெனா ப்ரொடுனோவாவின் பெயர். வேகமாக ஓடிவந்து, ஸ்பிரிங் பலகையில் இரு கால்களையும் ஊன்றி எழும்பி, வால்ட் மேசையைக் கைகளால் உந்தித் தள்ளி, காற்றில் முன்பக்கமாக இரண்டு அந்தர்பல்டி அடித்துத் தரையிறங்க வேண்டும். முன்பக்கமாகச் சுழல்பவருக்குத் தரை கடைசி நொடிவரை சரியாகக் கண்ணில் படாது. அன்று அதன் கடினத்தன்மை 7.0. இறங்கும்போது தீபா ஏறக்குறைய உட்காரும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டார்; செயல்நேர்த்திக்கு 8.266 கிடைத்தது. கூட்டினால் 15.266. அவருடைய முதல் தாவல் 6.0, 8.866 சேர்ந்து 14.866. இரண்டின் சராசரிதான் 15.066. ஸ்டெய்ன்க்ரூபரின் தாவல்களில் 7.0 அளவுக்குக் கடினமானது எதுவும் இல்லை. நேர்த்தியில் அவர் முந்தினார். யாருக்கும் அநீதி நடக்கவில்லை.

அந்த நேர்த்தியை நாமே கண்ணால் கண்டுகொள்ள முடியும். பல்டியில் உடல் மூன்று வடிவங்களில் ஒன்றில் இருக்கும். முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டால் டக். கால்களை நீட்டியபடி இடுப்பில் மட்டும் மடங்கினால் பைக். உடல் முழுதும் ஒரே கோடாக நீண்டால் லேஅவுட். சுருண்ட உடல் எளிதில் வேகமாகச் சுழலும். நீண்ட உடலைச் சுழற்ற அதிக உயரமும் விசையும் வேண்டும். அதனால்தான் அதே பல்டிக்கு லேஅவுட்டில் மதிப்பு கூடுகிறது. பைக் என்று தொடங்கிவிட்டு முழங்கால் லேசாக மடங்கினாலும், பாதம் விறைப்பாக நீளாமல் தொங்கினாலும் புள்ளி போகும். இறங்கிய பிறகு ஓர் எட்டு நகர்ந்தாலும் போகும்.

பெண்களுக்கு வால்ட், அன்ஈவன் பார், பேலன்ஸ் பீம், தரைப் பயிற்சி என நான்கு பிரிவுகள், ஆண்களுக்கு ஆறு. ஏறக்குறைய அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது. விரல்கள் அகல விரிந்து தரையைப் பற்ற வேண்டும். தோள் காதை ஒட்டி உயர வேண்டும். விலா உள்ளே அடங்க, முதுகு வளையாமல் இருக்க வேண்டும். உடல் பின்னால் சாயத் தொடங்கினால் விரல்நுனிகளை அழுத்தியும், முன்னால் சாய்ந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தியும் சமன்செய்வார்கள். பாரில் ஊசலாடி ஹேண்ட்ஸ்டாண்டுக்கு வரும்போதும் உடல் இப்படி ஒரே கோடாக இருக்கிறதா என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள பீமின் மேல் இதே நிலையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மூச்சு அடைக்கிறது.

ஆனால் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் நம் பெற்றோரில் சிலர், இந்த அடிப்படை பழகும் முன்பே, மூன்றாம் மாதத்திலேயே பல்டி எப்போது என்று கேட்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும். 2021 ஜூலையில் அணிகள் இறுதிச் சுற்றில் சிமோன் பைல்ஸ் இரண்டரை முறுக்குக்காக, அதாவது காற்றில் உடலை நீளவாட்டில் இரண்டரை முறை சுழற்ற, எழும்பி, ஒன்றரை முறுக்கோடு இறங்கினார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவரிடமிருந்து நழுவியிருந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனையான அவர் உடனே அந்தப் போட்டியிலிருந்து விலகினார். கழுத்தைக் காத்துக்கொள்ள அதுவே சரியான முடிவு. அத்தகையவருக்கே நழுவக்கூடிய உணர்வு, உருளவும் தலைகீழாக நிற்கவும் இன்னும் பழகாத ஏழு வயதுக் குழந்தைக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே பயிற்சி மையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: குழந்தைக்கு விழக் கற்றுக் கொடுத்தாயிற்றா? பின்னால் விழும்போது கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியக்கூடும். கைகளை மார்போடு மடக்கி, தாடையைக் கழுத்தோடு சேர்த்து, முதுகை வளைத்து உருள வேண்டும். இதை மெத்தையில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் பல்டிக்கு அவசரப்படவில்லை என்றால், அவரை நம்பிப் பிள்ளையை விடலாம்.