சொன்னவர் பெயர்

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிவிலகல் கடிதம் கொடுத்தவர், விடைபெறும்வரையிலான வாரங்களில் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. தமக்குத் தெரிந்ததையெல்லாம் அடுத்து வருபவருக்குச் சொல்லித்தர வேண்டும். அதைக் காணொளியாகப் பதிந்து, கோப்பாக எழுதி, நிறுவனத்தின் பொதுத்தளத்தில் ஏற்ற வேண்டும். இதன் சுருக்கப்பெயர் ‘கேடி’. (அச்சொல்லுக்கு ஊர்வழக்கில் ஏற்கெனவே உள்ள பொருளை எண்ணித் தமிழ் ஊழியர்கள் சிரித்துக்கொள்வது தனிக்கதை.) ஒருவர் ஆண்டுக்கணக்கில் கற்றது, அவர் போகப்போகிறார் என்று தெரிந்த பிறகே நிறுவனத்தின் நினைவுக்கு வருகிறது. முன்பே கேட்டிருந்தால் அவர் முழுதாகச் சொல்லியிருப்பாரா என்பது வேறு வினா.

அறிவு மேலாண்மை என்ற பெயரில் வாங்கப்படும் மென்பொருள்கள் இவ்வினாவைத் தொடுவதில்லை. ஊழியர் சொல்ல விரும்புகிறார், போட்டு வைக்கத்தான் இடமில்லை என்ற அனுமானத்தின் மேல் அவை கட்டப்பட்டுள்ளன. அவ்வனுமானம் பெரும்பாலும் பிழை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜூலியன் ஓர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் உடன் சென்று கவனித்து எழுதிய நூல் 1996இல் வெளிவந்தது. நிறுவனம் தந்த கையேடு கைவிட்ட இடங்களில், அவர்கள் உணவு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளே உதவின என்பது அவர் கண்டது. மொழியியலார் இங்கே கவனிக்க வேண்டியது சுட்டுச்சொற்களை. அத்தகைய பேச்சில் வரும் ‘அது’, ‘அங்கே’, ‘அன்றைக்குப் போலவே’ என்பவற்றின் பொருள் கேட்பவரின் அனுபவத்தில் இருக்கிறது. அதையே ‘சிக்கல், காரணம், தீர்வு’ என்ற மூன்று கட்டப் படிவத்தில் எழுதச்சொன்னால், முதலில் எழுந்த தவறான ஊகமும், அது ஏன் தவறு என்று பிடிபட்ட விதமும் கழன்று விழுந்துவிடும். அடுத்தவருக்கு வேண்டியவையோ அவைதாம்.

அந்நிறுவனம் பின்னர் ‘யுரேகா’ என்ற தரவுத்தளத்தை உருவாக்கியபோது, குறிப்புகளை எழுதும் வேலையும் சரிபார்க்கும் வேலையும் பழுதுபார்ப்போரிடமே விடப்பட்டன. எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. பெயர் சிறிய விவரமாகத் தோன்றலாம். ஆனால் குறிப்பு பொய்த்தால் கேலி செய்யவும், பலித்தால் மதிக்கவும் ஒரு தொழிற்கூட்டம் அப்பெயரை அறிந்திருக்கிறது.

இன்ஃபோசிஸ் வேறு வழியில் தொடங்கியது. 2001இல், தன் அறிவுத்தளத்தில் எழுதுவோருக்கு ‘அறிவு நாணய அலகு’ வழங்கியது. சேர்த்த அலகுகளுக்குப் பணமதிப்பு இருந்தது. பதிவுகள் குவிந்தன. குவிந்ததுதான் இடராயிற்று: சரிபார்ப்போர் திணறினர், தேடியோர் சலித்தனர். அடுத்த ஆண்டே பணத்தின் அழுத்தத்தைக் குறைத்து, பங்களித்தோரைப் பலரறியப் பாராட்டும் முறைக்கு நிறுவனம் திரும்பியது. ரகு கருட், அருண் குமாரசாமி இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதை விரிவாகப் பேசுகிறது. மதிப்பெண் கணக்கு என்ன செய்யும் என்பதை ஆய்வுலகுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை; பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த செயல்திறன் மதிப்பெண் முறைக்குப் பின் எத்தகைய ஆய்விதழ்கள் முளைத்தன என்பதைப் பார்த்தவர்களே நாம்.

ஆயினும் பெயர் மட்டும் போதாது. ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் பத்தாண்டுகளாக ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியருக்கு, எந்தக் கோப்பு எந்த மேசையில் ஏன் தேங்கும் என்பது அத்துப்படி. அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் நீள்வதற்கு அவரிடமுள்ள ஒரே பிடிமானம் அது. அதைத் தளத்தில் ஏற்றச்சொல்லிவிட்டு, அவர் தயங்கினால் ‘பகிரும் பண்பாடு இல்லை’ என்று பயிற்சி வகுப்புகளில் குறைகூறுவது நேர்மையன்று. ஆய்வகங்களிலும் இதே கதைதான். பழைய கருவியை எப்படித் தாஜா செய்து ஓடவைப்பது என்பது பட்டம் பெற்றவரோடு வெளியேறுகிறது. அடுத்து வருபவர் மாதக்கணக்கில் அதையே மீண்டும் கண்டுபிடிக்கிறார். மொழிக்களப்பணியில் நிலைமை இன்னும் மோசம்: ஒலிப்பதிவு வன்தட்டில் இருக்கும், எந்தக் குரல் யாருடையது என்பது ஆய்வாளரின் தலையில் இருக்கும்.

இப்போது இக்கோப்புகளையெல்லாம் விழுங்கி விடைசொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்துள்ளன. யாரோ ஒருவர் ஒருநாள் சந்தேகத்தோடு எழுதியதும், பலர் சோதித்து ஏற்றதும் ஒரே உறுதியான தொனியில் வெளிவரக்கூடும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகச் சொல்லத் தமிழில் ‘ஆம்’ என்று ஒன்று சேர்த்தால் போதும். ‘வந்தான்’ என்பது ‘வந்தானாம்’ ஆகிவிடும். உரையாடியின் விடையில் அந்த ‘ஆம்’ கூட இருப்பதில்லை. மூலக்கோப்பின் இணைப்பைச் சில தருகின்றன, உண்மைதான். கோப்பை எழுதிய இடத்தில் ‘குழு’ என்றிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

நிறுவனங்கள் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. குறிப்பெழுதும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடலாம். எழுதியவர் பெயரையும் நாளையும், அவர் விலகிய பின்னும், அழியாமல் வைத்திருக்கலாம். ஒப்பந்த ஊழியர் எழுதித்தந்தவை அவருடைய பணி நீட்டிப்புக்குச் சாதகமாகவே கொள்ளப்படும் என்று எழுத்தில் உறுதி தரலாம். இந்தக் கடைசி உறுதியை மென்பொருள் விற்பவரிடம் எதிர்பார்க்க முடியாது; பதிவாளரும் மனிதவளத் துறையும் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.