மடங்கும் மிதிவண்டி

ஒரே அறையுள்ள சிறு வீட்டில் இரவில் பாய் விரித்துப் பலர் உறங்குவர். பொழுது புலர்ந்ததும் பாய் சுருட்டப்பட்டு மூலையில் நிற்கும். உறங்கிய இடமே உண்ணும் இடமாகும். பின்னர்ப் பிள்ளைகள் படிக்கும் இடமாகும். பாய் சுருங்குவதால் வீடு பெருகுகின்றது. குடையும் அத்தகையதே. மழை பெய்யுங்கால் விரிந்து காக்கும். மழை நின்றதும் மடங்கிக் கக்கத்தில் அடங்கும். வேண்டும்பொழுது விரிந்து பயன்படுதலும், வேண்டாதபொழுது ஒடுங்கி இடம் விடுதலும் நல்ல பொருள்களின் இயல்பு. இவ்வியல்பை ஊர்தியிலும் காண விரும்பிய அறிஞர் சிலரின் உழைப்பால் உருவானதே மடங்கும் மிதிவண்டி.

பெருநகரங்களில் வாழ்வோர்க்கு உறைவிடம் ஒரு புறமும் தொழிலிடம் மற்றொரு புறமும் அமைகின்றன. இலண்டன் மாநகரில் நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் இரயில் வண்டியேறி வேலைக்குச் செல்கின்றனர். இரயில் விரைந்து செல்லும். ஆயினும் அது வீட்டு வாயிலுக்கு வாராது. அலுவலக வாயிலிலும் நில்லாது. வீட்டிலிருந்து நிலையத்திற்கு ஒரு கல் தொலைவு நடத்தல் வேண்டும். இறங்கியபின் மீண்டும் ஒரு கல் நடத்தல் வேண்டும். நிலையம் வரையில் மிதிவண்டியில் சென்று அதனை அங்கே நிறுத்திவிடலாமே எனின், இறங்கும் ஊரில் அது உதவாது. மாலையில் திரும்புங்கால் அது நிறுத்திய இடத்தில் இருக்கும் என்னும் உறுதியும் இல்லை.

மிதிவண்டியை இரயிலிலேயே ஏற்றிச் செல்லலாம் எனின், கூட்டம் மிகுந்த வேளையில் அதற்கு இடம் ஏது? ஆதலின், இலண்டன் நிலத்தடி இரயிலில் வேலை நாள்களில் காலை 7.30 மணி முதல் 9.30 மணி வரையிலும், மாலை 4 மணி முதல் 7 மணி வரையிலும் முழு மிதிவண்டிகளை ஏற்றுதல் கூடாது என்பது விதி. ஆயின், மடக்கிய வண்டிக்கு எவ்வேளையிலும் தடையில்லை. ஒடுங்கத் தெரிந்ததற்கு வாயில் திறக்கின்றது, ஒடுங்காததற்கு அடைபடுகின்றது.

மடங்கும் மிதிவண்டி நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சுப் படையில் அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்குடைப் படைக்கென அவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன. 1970-களில் ஹாரி பிக்கர்டன் என்பார் அலுமினியத்தால் எடை குறைந்த மடக்கு வண்டி ஒன்றை ஆக்கினார். அதனைக் கண்ட ஆண்ட்ரூ ரிச்சி என்னும் இளைஞர், அதனினும் செவ்விய வண்டியைத் தம்மால் ஆக்க இயலும் என்று துணிந்தார்.

ரிச்சி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். தோட்டம் அமைக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், 1975ஆம் ஆண்டில் தம் முயற்சியைத் தொடங்கினார். இலண்டனில் அவர் குடியிருந்த அறையே அவர்தம் தொழிற்கூடம். அவ்வறையிலிருந்து நோக்கினால் பிராம்ப்டன் ஓரட்டரி என்னும் தேவாலயம் தோன்றும். அத்தேவாலயத்தின் பெயரையே தம் வண்டிக்குப் பிராம்ப்டன் என இட்டார். பெரிய நிறுவனங்கள் அதனைச் செய்ய முன்வரவில்லை. அவர் சோர்ந்தாரில்லை. 1981ஆம் ஆண்டில் சிறு அளவில் தாமே செய்து விற்கத் தொடங்கினார். இடையில் அவ்வேலை நின்றது. 1988ஆம் ஆண்டில் பிரென்ட்போர்டு என்னும் இடத்தில், இரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே மீண்டும் தொடங்கியது. ஏற்றுமதிச் சிறப்புக்கான அரசியாரின் விருது 1995ஆம் ஆண்டில் அவரை நாடி வந்தது. விருது பெரிது, அதற்கு முன்னிருந்த இருபது ஆண்டுப் பொறுமை அதனினும் பெரிது.

அவ்வண்டியின் சக்கரங்கள் 16 அங்குல அளவின. பின்சக்கரம் சட்டத்தின் அடியில் மடங்கிப் புகும். நடுச்சட்டத்திலுள்ள கீல் திரும்ப, முன்சக்கரம் அதன் அருகே வந்து நிற்கும். கைப்பிடித் தண்டு சாயும். இருக்கையைத் தாழ்த்தியதும் யாவும் அசையாமல் நிலைபெறும். ஆமை தன் உறுப்புகளை ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்ளும் காட்சியை அது நினைவூட்டும். சங்கிலி இரு சக்கரங்களுக்கும் இடையே மறைந்துவிடுதலின் எண்ணெய்க் கறை உடையில் படாது. மடங்கிய வண்டியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அகலமோ 27 சென்டிமீட்டரே. பழகியவர்க்கு இவ்வளவும் செய்ய அரை நிமிடம் போதும்.

இவ்வண்டியிடம் குறை இல்லை என்று கூறுதல் பொருந்தாது. சிறு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பெரிதும் குலுங்கும். அதனைத் தணிக்கவே பின்புறத்தில் இரப்பர்க் கட்டை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பத்துக் கிலோகிராம் அளவுள்ள சுமையைப் படிக்கட்டில் தூக்கிச் செல்லுதல் யாவர்க்கும் எளிதன்று. எல்லாவற்றினும் பெரிய குறை விலை மிகுதியே. நாள்தோறும் உழைக்கச் செல்லும் ஏழைக்கு எட்டாத விலை, உழைப்பாளர் வண்டிக்குப் பெருமை ஆகாது. தொழில் நடத்துவோர் தம் பணியாளர்க்கு மிதிவண்டி வழங்கினால் வரிச் சலுகை உண்டு என்னும் ஏற்பாடு, பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு முதல் உள்ளது. இத்தகைய வழிகளால் அதனை எளியோர் கைக்கும் எட்டச் செய்தல் அரசுகளின் கடமை.

இவ்வண்டி விரைவிற் சிறந்ததன்று. தோற்றத்தில் வீறுடையதும் அன்று. பின் எதனால் அது போற்றத்தக்கது? ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் பெரிய காரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓடும்பொழுது அது பலர்க்குரிய சாலையை அடைத்துக்கொள்கின்றது. ஓடாதபொழுதும் நாள் முழுவதும் தெருவோரத்தை அடைத்து நிற்கின்றது. அதனை உடையவர் தாம் செலுத்திய விலைக்கு வண்டியைப் பெற்றார். தெருவையும் சேர்த்துப் பெற்றாரல்லர். தெரு, குழந்தைக்கும் முதியவர்க்கும் கால்நடையாய்ச் செல்வோர்க்கும் உரிய பொதுப் பொருள். மடங்கும் மிதிவண்டியோ வேலை முடிந்ததும் தன் இடத்தைப் பிறர்க்கு விட்டு, மேசையின் அடியில் ஒதுங்குகின்றது. இதுவே அதன் தலையாய சிறப்பு.

எனினும், பண்பு வண்டியில் மட்டும் இருந்தால் போதாது. செலுத்துவோரிடமும் இருத்தல் வேண்டும். இரயில் வந்து நின்றபின் வாயிலை மறித்து நின்று வண்டியை மடக்குபவர், மடங்கும் வண்டி வைத்திருந்தும் மடங்காத உள்ளம் உடையவரே. முன்னரே மடக்கித் தம் காலருகே வைத்துக்கொள்பவரே அதன் பயனை உணர்ந்தவர்.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. நகரங்கள் நாளும் பெருகுகின்றன, நிலம் பெருகுவதில்லை. ஆதலின், பலர் கூடி வாழும் இடத்தில் தம் உரிமையை விரித்துக்கொள்ளத் தெரிந்தவரினும், பிறர்க்கு இடம் விட்டு ஒடுங்கத் தெரிந்தவரே உயர்ந்தவர். பாயும் குடையும் நெடுங்காலமாகச் சொல்லாமற் சொல்லிவரும் இவ்வுண்மையை, மடங்கும் மிதிவண்டி இன்று தெருவிலே ஓடிக் காட்டுகின்றது.