இடது பக்கத்துக் கண்ணாடி யாருக்கு?

காரில் ஏறி உட்கார்ந்ததும் நாம் முதலில் பார்க்கிற கண்ணாடி எது? "பொட்டு சரியா இருக்கான்னு பார்க்கிற கண்ணாடிதான்" என்று சிரிக்காதீர்கள். நான் கேட்பது, காரின் இரண்டு கதவுகளிலும் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சைடு கண்ணாடிகளைப் பற்றி.

எங்கள் விருதுநகரில் கார் ஓட்டும் பெண்கள் இப்போது எத்தனையோ பேர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு, மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவதற்கு, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போய் நோட்டுப் புத்தகமும் காலண்டரும் வாங்கி வருவதற்கு என்று நாமே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம். ஆனால் பல வீடுகளில் கார் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். அவர் உயரம், நாம் குள்ளம். அவர் இறங்கிய காரில் நாம் ஏறினால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறோம். வலது பக்கக் கண்ணாடியைக் கையெட்டித் திருப்பிக்கொள்கிறோம். இடது பக்கக் கண்ணாடியோ அந்தக் கோடியில் இருக்கிறது. எட்டிப் படுத்துத்தான் அதன் குச்சியைத் திருக வேண்டும். ஒரு தடவையில் சரியாக வராது. நிமிர்ந்து பார்த்து, மறுபடி எட்டி, மறுபடி நிமிர்ந்து... "போகட்டும், பக்கத்திலேதானே போறோம்" என்று விட்டுவிடுகிறோம்.

உயரமானவர் திருப்பி வைத்த கண்ணாடியில் குள்ளமானவருக்கு என்ன தெரியும்? ஆகாயமும் வேப்பமரமும்தான்!

நம் நாட்டில் வண்டி போவது இடது ஓரம். நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் அந்தப் பக்கம்தான். சந்து கிடைத்தால் நுழைகிற மோட்டார் சைக்கிளும் அந்தப் பக்கம்தான். சாயங்காலம் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும் விட்டதும், வேனிலிருந்து தூக்குவாளியோடு பெண்கள் இறங்கி நடப்பதும் அதே ஓரத்தில். நாம் இடது பக்கம் திரும்பும்போது அவர்களைக் காட்ட வேண்டிய கண்ணாடி வேப்பமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

சரக்கு ஏற்றினால் இன்னும் கஷ்டம். பின் சீட்டில் நோட்டுக் கட்டுகளைக் கூரை வரை அடுக்கினால் உள்ளே தொங்கும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்போது வெளியே உள்ள இரண்டு கண்ணாடிகள்தான் நமக்கு முதுகுப் பக்கத்துக் கண்கள். (தீபாவளிக்கு வரும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பட்டாசையும் இப்படி அடுக்கப் பார்ப்பார்கள். அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.)

இந்தக் கண்ணாடி யோசனையை முன்கூட்டியே எழுதிவைத்தவர் ஒரு பெண் என்றால் நம்புவீர்களா? டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பந்தயங்களில் கார் ஓட்டியவர். 1909-ல் 'பெண்ணும் காரும்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். கார் ஓட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் யோசனை சொன்னார். 1911-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர் காரிலேயே கண்ணாடியைப் பொருத்தி ஓட்டி ஜெயித்தார். மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்வதற்கென்று பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்திருந்தார்கள். இவருக்கு அந்த வேலையைக் கண்ணாடி செய்தது.

நம் ஊரிலோ, 1983-ல் வந்த மாருதி 800 முதற்கொண்டு எத்தனையோ சின்னக் கார்களின் விலை குறைந்த ரகங்களில் இடது பக்கக் கண்ணாடியே இல்லாமல் ஓட்டிய காலம் உண்டு. இப்போது கண்ணாடி இருக்கிறது. ஆனாலும் விலை குறைந்த ரகங்கள் பலவற்றில் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வழி, மோட்டார் வைத்த கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் பெரும்பாலும் இரண்டு சின்ன மோட்டார்கள் இருக்கும். ஒன்று மேலும் கீழும், மற்றது பக்கவாட்டிலும் திருப்பும். நமக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும், சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும், தோள் வலி, கழுத்து வலிக்காரர்களுக்கும் எட்டிப் படுக்கிற வேலை மிச்சம்.

எங்கள் காருக்கு இதைப் பொருத்தியபோது நான் பட்டறையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் காரின் அதே மாடலில் விலை கூடிய ரகத்துக்கென்று வருவதையே கேளுங்கள். பழைய துளைகளிலேயே பொருந்திவிடும். வாரண்டி முடியாத கார் என்றால் கம்பெனி சர்வீஸில் விசாரித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அது. வேலை முடிந்ததும் கிழியாமல் திரும்ப ஒட்ட வேண்டும். ஒயர், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வழியாகவே வர வேண்டும். ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் பாதையில் உரசக் கூடாது.

முக்கியமானது கரண்ட் இணைப்பு. "ஒயரை முறுக்கி டேப் சுத்திட்டாப் போதும்க்கா, எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறோம்" என்றார் அந்தத் தம்பி.

"வேண்டாம் தம்பி. டேப் வெயில்ல இளகிப் பிரிஞ்சிரும். கப்ளர் போடுங்க, இல்லாட்டி பத்த வைங்க. தனியா ஒரு பியூஸும் வேணும்" என்றேன்.

"கொஞ்சம் கூடச் செலவாகும்க்கா."

"ஆகட்டும். ஒரு பொறிக்கு என்ன விலைன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லியா தரணும்?"

சிரித்துக்கொண்டே ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடேறினால் ஒயரின் உறை உருகும். பியூஸ் இருந்தால், ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனாலும் அது முதலில் போய்விடும், கார் தப்பிக்கும். எத்தனை ஆம்பியர் பியூஸ் என்பதைக் கண்ணாடியோடு வரும் தாளைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். "போய்ப் போய் விடுது" என்று பெரிய பியூஸை மாட்ட விடாதீர்கள்.

பணம் கொடுக்குமுன் நாமே சோதிக்க வேண்டியவை:

1. கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். அதன் பிறகும் கண்ணாடி வேலை செய்கிறதா?

2. ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்குங்கள். எங்கும் உரசக் கூடாது.

3. சாவியை எடுத்த பிறகு சுவிட்சை அழுத்துங்கள். அப்போதும் கண்ணாடி அசைந்தால் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்திருக்கிறார்கள். மாற்றச் சொல்லுங்கள்.

4. இடது, வலது இரண்டும் நாலு பக்கமும் திரும்புகிறதா? சுவிட்ச் மேலே என்றால் கண்ணாடியும் மேலே போக வேண்டும்.

பொருத்தினால் மட்டும் போதாது, திருப்பி வைக்கவும் தெரிய வேண்டும். முதலில் சீட், அப்புறம் கண்ணாடி. உள் கண்ணாடியில் பின் கண்ணாடி முழுவதும் தெரியட்டும். சைடு கண்ணாடியின் உள் ஓரத்தில் நம் காரின் உடம்பு ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும். தூரத்தில் ரோடு முடியும் கோடு நடுவில் இருக்கட்டும். இடது கண்ணாடி பெரும்பாலும் லேசாகப் புடைத்திருக்கும். அதில் அகலமாகத் தெரியும். ஆனால் வண்டிகள் சின்னதாகவும் தள்ளியும் தோன்றும். உண்மையில் அவை இன்னும் கிட்டத்தில் இருக்கின்றன என்பது நினைவிருக்கட்டும்.

எவ்வளவு நன்றாகத் திருப்பினாலும் கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று உண்டு. அதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு நீங்கள் சீட்டில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைக் காரைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் மூன்று கண்ணாடியிலும் மறைந்து போகிறாரோ, அங்கேதான் நாளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கும். திரும்புமுன் தலையைத் திருப்பி அந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மோட்டார் கண்ணாடி வந்தாலும் இந்த வேலைக்கு நம் கழுத்துதான்!

இன்னொன்று. சுவிட்ச் இருக்கிறதே என்று ஓடும்போது திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். எல்லாம் புறப்படுமுன்.

"அவர் வெச்சதை மாத்தினா கோவிச்சுக்குவாரே" என்று தயங்குகிறீர்களா? ஓட்டுகிறவருடைய கண்ணுக்குத்தான் கண்ணாடி. அடுத்து அவர் ஏறும்போது தனக்கு வேண்டியபடி திருப்பிக்கொள்ளட்டும். அரை நிமிஷ வேலைதானே!